நூற்றுக்கு நூறு ஒட்டிய பூச்சு பத்தே நாளில் உரிவது ஏன்?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கோட்டிங் யூனிட்டில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். 100 மைக்ரான் ஆப்டிகல் பெட் (பாலியஸ்டர்) பிலிம் மேல் யு.வி. ஹார்ட்கோட் (புற ஊதா ஒளியில் கெட்டியாகும், கீறல் தாங்கும் பூச்சு) பூசி டிஸ்ப்ளே அசெம்பிளி செய்பவர்களுக்குக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் பென்சில் கடினம் 3எச் (3எச் பென்சில் கீறினாலும் தடம் விழாத கடினம்) கேட்டதால் பூச்சை 5 மைக்ரானிலிருந்து 8 மைக்ரானுக்கு ஏற்றினோம். மெஷினிலிருந்து வந்தவுடன் கட்டம் கீறி டேப் இழுத்தால் 100/100, அதாவது நூறு கட்டத்தில் ஒன்றும் உரிவதில்லை. 60 டிகிரி, 90% ஈரப்பதத்தில் 240 மணி நேரம் வைத்து எடுத்தால் முப்பது நாற்பது கட்டம்தான் மிஞ்சுகிறது. யு.வி. டோஸை (சதுர செ.மீ.-க்கு விழும் ஒளி ஆற்றல்) 400-லிருந்து 900 மில்லிஜூலுக்குக் கூட்டினோம். பிலிமின் மேற்பரப்பை மின்பொறியால் பதப்படுத்தும் கொரோனாவையும் 1.2 கிலோவாட் வரை ஏற்றினோம் (அகலம் 1.3 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர்). இன்னும் மோசமாகிவிட்டது, பிலிமும் சுருள்கிறது. அடுத்து எதை மாற்றுவது? இதன் மேலேயே கைரேகை படியாத மேல்பூச்சும் போட வேண்டும். அது சில ரோல்களில் ஒட்டவே மறுக்கிறது.

பதில்: புதிதாக எதையும் சேர்க்கும் முன், கூட்டிய மூன்றையும் பழைய இடத்துக்கு இறக்குங்கள். பிடிமானத்தைக் கூட்டுவதாக நினைத்து, நீங்கள் கூட்டியது பெரும்பாலும் உரிக்கிற விசையைத்தான்.

யு.வி. அக்ரிலேட் பூச்சு கெட்டியாகும்போது சுருங்குகிறது. டி.பி.எச்.ஏ. போல ஒரே மூலக்கூறில் ஆறு அக்ரிலேட் கைகள் (வினைபுரிந்து பிணையும் முனைகள்) உள்ள சரக்கு கடினத்தைத் தரும், சுருக்கத்தையும் அதே அளவுக்குத் தரும். கீழே பெட் விட்டுக்கொடுக்காததால் பூச்சுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. பிலிம் சுருள்வது அதன் வெளி அடையாளம். இந்த இழுவிசை பூச்சை உரிக்கும் ஆற்றல், பூச்சின் தடிமனுக்கு நேர்விகிதத்திலும் விசையின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 5 மைக்ரானை 8 ஆக்கியதுமே உரிக்கும் ஆற்றல் 1.6 மடங்கு. டோஸைக் கூட்டி இழுவிசையை இன்னும் 20% ஏற்றியிருந்தால் 1.44 மடங்கு அதோடு பெருகி மொத்தம் 2.3 மடங்கு. மெஷினிலிருந்து வந்த கணத்தில், பிலிமுக்கும் பூச்சுக்கும் நடுவே உள்ள ஒட்டுப்படலமான பிரைமர் இதைத் தாங்கிக்கொள்கிறது. சூடும் ஈரமும் பிரைமரை மெல்ல நெகிழ்த்திய பிறகு தாங்க முடிவதில்லை. உங்கள் 100/100 பொய்யில்லை. அது முதல் நாள் கணக்கு, அவ்வளவுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தடிமனை 8-லிருந்து 5-க்கு இறக்கி, இழுவிசையையும் 20% குறைத்தால் உரிக்கும் ஆற்றல் இப்போதிருப்பதில் 40% ஆகிவிடும். பிரைமரில் கை வைக்காமலே கிடைக்கும் லாபம் இது.

அடுத்து, உரிவது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். பல யூனிட்டுகளில் இதைத் தாண்டிப்போய் நேரே ரெசினை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஆப்டிகல் பெட்டில் பிலிம் கம்பெனியே நீட்டும்போது பூசிக் கொடுக்கும் பிரைமர் 100 நானோமீட்டருக்கும் குறைவான படலம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் பிரதிபலிப்பு அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். உரிந்த இடத்தின் பின்பக்கம் கறுப்பு டேப் ஒட்டி, 550 நானோமீட்டரில் அளங்கள். வெறும் பெட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.65. அதன் ஒரு பக்கப் பிரதிபலிப்பு 6% வரும். 1.58 எண்ணுள்ள பிரைமர் 85-90 நானோமீட்டர் இருந்தால் 4.2 சதவீதத்துக்கு இறங்கும். உங்கள் பிரைமரின் சரியான எண் தெரியாவிட்டால், பூசாத பிலிமின் பிரைமர் பக்கத்தையும் பிரைமர் இல்லாத ஒரு துண்டையும் அளந்து அவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

உரிந்த இடம் பிரைமர் போலவே அளந்தால், ஹார்ட்கோட் பிரைமரை விட்டுப் போயிருக்கிறது. கரைப்பான், உலர்த்தல், சிலிகோன் அழுக்கு, டோஸ் ஆகியவற்றைத் தேடுங்கள். வெறும் பெட் போல அளந்தால் பிரைமரும் சேர்ந்து வந்துவிட்டது. அது பிரைமரின் நீர் தாங்கும் சக்தி பற்றிய பிரச்சினை, உங்கள் ரெசினை எத்தனை மாற்றினாலும் பாதிதான் தீரும். அளவீட்டில் அலை அலையாக ஏற்ற இறக்கம் தெரிந்தால் பூச்சின் அடித்தட்டு அங்கேயே ஒட்டியிருக்கிறது. பூச்சு உள்ளுக்குள் பிளந்திருக்கிறது, அடிவரை கியூர் ஆகவில்லை (வினை முடிந்து கெட்டியாகவில்லை) என்று அர்த்தம். முதல் நாள் நன்றாக ஒட்டி ஈரச்சூட்டுக்குப் பிறகு மட்டும் உரியும் சரக்கில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அளக்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

ஈரச்சூட்டு அறையிலிருந்து எடுத்த உடனே ஒரு துண்டிலும், 23 டிகிரி 50 சதவீதத்தில் ஒரு நாள் ஆறவிட்டு இன்னொரு துண்டிலும் டேப் இழுத்துப் பாருங்கள். ஆறியபின் பிடிமானம் திரும்பிவந்தால் பிரைமர் தண்ணீரில் ஊறி நெகிழ்ந்தது மட்டுமே. திரும்பாவிட்டால் பிணைப்பே அறுந்திருக்கிறது. முதல் வகைக்கு இழுவிசையைக் குறைத்தாலே போதும் என்ற நிலை பலமுறை வரும். இரண்டாம் வகைக்குப் பிலிம் கிரேடையே மாற்ற வேண்டியிருக்கும். சப்ளையரிடம் கேட்கும்போது 'ஈஸி அட்ஹிஷன்' என்று மட்டும் சொல்லாமல், கரைப்பான் யு.வி. ஹார்ட்கோட்டுக்கு ஏற்ற, குறுக்குப்பிணைப்பு ஏற்றிய பிரைமர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பிரிண்டிங் இங்குக்காகச் செய்த பிரைமரும் முதல் நாள் அழகாக ஒட்டும். ஈரச்சூட்டில் காலை வாரிவிடும். இரண்டு பக்கமும் பிரைமரா, ஒரு பக்கம் மட்டுமா, ரோலின் எந்த முகம் என்பதையும் கேட்டு ஸ்லிட்டிங் (ரோலை அறுக்கும்) ஆட்களுக்குக் காட்டிவைக்கவும். முகம் மாறிப்போய் மாதக்கணக்கில் ரெசின் கம்பெனியோடு சண்டை நடப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

கொரோனாவுக்கு வருவோம். உங்கள் கணக்கு 1200 வாட்டை 1.3 மீட்டர், 20 மீட்டர் ஆகியவற்றால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 46 வாட்-நிமிடம். பிரைமர் பூசிய பிலிமுக்கு இது மிக அதிகம். கொரோனா மேல்தட்டில் உள்ள சங்கிலிகளை வெட்டி ஆக்சிஜனேற்றிய சின்னச் சின்னத் துண்டுகளாக்கும். அவை தண்ணீரில் கரையும். மேற்பரப்பு எவ்வளவு நனையும் என்று பார்க்கும் டைன் பேனா 56 காட்டும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், ஆனால் பூச்சு உட்கார்ந்திருப்பது பொடி தூவிய தரையின் மேல். ஈரம் புகுந்ததும் அந்தப் பொடி கரைகிறது. நனைவதும் ஒட்டுவதும் வேறு வேறு என்பதை டைன் பேனா சொல்லாது. சோதிக்க ஒரு வழி: கொரோனா பட்ட துண்டை டீஅயனைஸ்டு தண்ணீரில் அரை நிமிடம் அலசி உலர்த்தி மறுபடி டைன் பாருங்கள். எண் சட்டென்று கீழே விழுந்தால் அது அதீத டிரீட்மென்ட். நல்ல பிரைமர் உள்ள பிலிமுக்குக் கொரோனாவை அணைத்துவிட்டே ஒரு ட்ரயல் எடுங்கள். தேவைப்பட்டால் 5-10 வாட்-நிமிடத்திலிருந்து ஏறலாம்.

இனி 3எச். இதை வெறும் தடிமனால் எட்டப் பார்ப்பது விலை கூடிய வழி. முதலில் வாடிக்கையாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பென்சில் மேல் எடை 500 கிராமா, 750 கிராமா? பிலிமைக் கண்ணாடி மேல் வெறுமனே வைத்தா, ஒட்டுப்பசையோடு ஒட்டியா? 750 கிராம் ஐ.எஸ்.ஓ. 15184-இலும் ஜே.ஐ.எஸ். கே5600-இலும் உள்ளது. அடியில் மெத்தென்ற பசை இருந்தால் அதே பூச்சு ஒரு படி குறைந்து காட்டும். இந்த இரண்டும் எழுதப்படாத 3எச்-சுக்கு அர்த்தமில்லை.

கடினத்துக்கு நானோ சிலிக்காவைச் சேருங்கள். 10-20 நானோமீட்டர் துகள், மேற்பரப்பில் மெத்தாக்ரிலேட் சைலேன் ஏற்றியது, எம்.இ.கே. என்ற கரைப்பானில் 30% சால் (துகள் மிதக்கும் திரவம்) ஆகக் கிடைக்கிறது. சிலிக்கா சுருங்குவதில்லை. அது பிடித்துக்கொண்ட இடத்துக்கு ரெசின் குறைகிறது, அந்த அளவுக்குச் சுருக்கமும் குறைகிறது. தொடங்குவதற்கு ஒரு கலவை, திடப்பொருள் 100 பங்குக்கு: ஆறு கை அலிஃபாட்டிக் யூரிதேன் அக்ரிலேட் 35, பென்டாஎரித்ரிட்டால் ட்ரை-டெட்ரா அக்ரிலேட் கலவை 30, சிலிக்கா 25 (சால் ஆக 83.3), இரண்டு கை யூரிதேன் அக்ரிலேட் 6, போட்டோ இனிஷியேட்டர் (ஒளி பட்டதும் வினையைத் தொடங்கும் பொருள்) 184 வகை 4. பூச்சைச் சமமாகப் பரப்பும் லெவலிங் ஏஜென்ட் இதற்கு மேல் 0.1. சாலோடு வரும் எம்.இ.கே. 58.3 பங்கு. அதற்கு மேல் கரைப்பான்களாக பி.ஜி.எம்.இ. 40, எத்தில் அசிடேட் 24 சேர்த்தால் மொத்தம் 222 பங்கு, திடம் 45%. 5 மைக்ரான் உலர் பூச்சுக்கு ஈரமாகச் சுமார் 14 மைக்ரான் பூச வேண்டும். லேபில் 6-ஆம் எண் கம்பி பார் ஏறக்குறைய அதையே தரும். இரண்டு கை சரக்கை 6-க்கு மேல் தாராளமாக ஏற்றாதீர்கள். ஒட்டுதல் நன்றாக இருக்கும், ஸ்டீல் உல் கீறலில் தோற்றுவிடும்.

கரைப்பான் பிரைமரை அளவோடு கொஞ்சம் ஊறவைக்க வேண்டும். ஊறினால்தான் மோனோமர் உள்ளே இறங்கிப் பின்னிக்கொள்ளும். எம்.இ.கே. (கொதிநிலை 80 டிகிரி) மட்டும் போட்டால் ஊறும் முன்பே பறந்துவிடும். பி.ஜி.எம்.இ. (120 டிகிரி) அந்த அவகாசத்தைத் தருகிறது. டி.ஏ.சி. (ட்ரைஅசிட்டைல் செல்லுலோஸ்) பிலிமில் வேலை செய்பவர்களுக்கு இந்த வசதி இன்னும் அதிகம். எம்.இ.கே.-யும் மெத்தில் அசிடேட்டும் டி.ஏ.சி.-யையே ஊறவைத்துக் கலப்படலம் ஒன்றை உண்டாக்கிவிடும், பிரைமரே தேவையிருக்காது. நீட்டிப் படிகமாக்கிய பெட் அப்படி இடம் கொடுக்காது. அதனால்தான் பிரைமர் இங்கே உயிர்நாடி.

உலர்த்தலை 60, 80, 90 டிகிரி என்று மண்டலம் மண்டலமாக ஏற்றி மொத்தம் ஒரு நிமிடமாவது கொடுங்கள். முதல் மண்டலத்திலேயே 90 வைத்தால் மேல்தோல் மூடிக் கரைப்பான் அடியில் சிக்கிக்கொள்ளும். பிறகு வாரக்கணக்கில் அது வெளியேறும்போது பூச்சு இன்னொரு முறை சுருங்கும். மறுபக்கம், பெட்டை 120 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் அதன் வளைய ஒலிகோமர்கள் (உள்ளே மிஞ்சிய சிறு மூலக்கூறுகள்) மேற்பரப்புக்கு வந்து மங்கலாக்கும், பிடிமானத்துக்கும் கெடுதல். சென்னைப் பக்கத்து மழைக்கால ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை: எம்.இ.கே. வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து வெண்மையாகும். பூச்சு அறையை 23-25 டிகிரி, 50-55 சதவீதத்தில் பிடித்துவையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை 14 டிகிரி அளவில் இருக்கும். ஆகவே யு.வி. விளக்கின் கீழே பிலிமைக் குளிர்விக்கும் சில் டிரம்மை 15-க்குக் கீழே இறக்கினால் டிரம் வியர்த்து பிலிமில் புள்ளி போடும். 25-30 டிகிரியில் தொடங்குவது நல்லது.

யு.வி.: 900 மில்லிஜூல் தேவைப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றில் உள்ள ஆக்சிஜன். அது மேல்தோலில் வினையைத் தடுக்கும். நீங்கள் மேல்தோல் கெட்டியாகும் வரை டோஸை ஏற்றுவீர்கள். அதற்குள் உள்பகுதி தேவைக்கு மேல் சுருங்கி, விளக்கின் சூட்டில் பெட் தன் கண்ணாடி மாறுநிலையான (விறைப்பு தளரத் தொடங்கும் வெப்பநிலை) 78 டிகிரியை நெருங்கிவிடும். நைட்ரஜன் பெட்டி போட்டு ஆக்சிஜனை 500 பி.பி.எம்.-க்குக் கீழ், முடிந்தால் 200-க்குக் கீழ் இறக்குங்கள். 200-300 மில்லிஜூலில் அதே கடினம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். டோஸை மெஷினின் சதவீத எண்ணைப் பார்த்துச் சொல்லாமல், பிலிம் போகும் பாதையில் ரேடியோமீட்டரை ஓட்டி அளங்கள். பாதரச விளக்கு வயதாக ஆக, ஆம்பியர் மாறாமலே வெளிச்சம் குறையும். அடிவரை கியூர் ஆகிறதா என்று பார்க்க, உரிந்த செதிலின் அடிப்பக்கத்தை ஏ.டி.ஆர். (மேற்பரப்பை மட்டும் பார்க்கும்) முறையில் எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்புக் கருவியில் வைத்து 810 அலை எண்ணில் உள்ள அக்ரிலேட் முகட்டை 1720 முகட்டோடு ஒப்பிடுங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் அது அதிகமாக மிஞ்சியிருந்தால் 819 வகை இனிஷியேட்டர் 0.3-0.5% சேர்க்கலாம். நீள அலையை உறிஞ்சுவதால் ஆழத்துக்கு உதவும், ஆனால் மஞ்சள் தட்டும், மஞ்சளைக் காட்டும் பி ஸ்டார் மதிப்பைக் கண்காணியுங்கள். எல்.இ.டி. விளக்குக்கு மாறும் எண்ணமிருந்தால் 184 மட்டும் 395 நானோமீட்டரில் வேலைக்கு ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் பிரைமர் இடைமுகமே பிரச்சினையாக நின்றால், அலிஃபாட்டிக் பாலிஐசோசயனேட் 1-2% சேர்த்து, ரோலை 40 டிகிரியில் 48 மணி நேரம் வைக்கும் வழி இருக்கிறது. ட்ரை அக்ரிலேட்டில் உள்ள ஹைட்ராக்சிலையும் பிரைமரில் உள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் கைகளையும் அது கோக்கும். அப்போது பி.ஜி.எம்.இ.-யைத் தூக்கிவிட வேண்டும். அதுவே ஆல்கஹால், ஐசோசயனேட்டைத் தின்றுவிடும். அதற்குப் பதில் எம்.ஐ.பி.கே. போடுங்கள். கரைப்பான்கள் யூரிதேன் கிரேடாக, தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும். கலந்த சரக்கு அன்றைக்கே தீர வேண்டும். எனக்கு இது கடைசி ஆயுதம். மழைக்காலத்தில் நிர்வகிப்பது தலைவலி.

டெஸ்ட் செய்யும் கையையும் ஒருமுறை பாருங்கள். மொட்டைப் பிளேடால் கீறினால் கோடுகள் சந்திக்கும் மூலையில் செதில் பெயரும். அது பூச்சின் நொறுங்கும் குணம். முழுச் சதுரங்கள் போனால்தான் அது ஒட்டுதல் தோல்வி. இரண்டையும் ஒரே எண்ணில் எழுதாதீர்கள். பிலிமைக் கண்ணாடி மேல் இறுக ஒட்டி, 1 மி.மீ. இடைவெளியில் புது பிளேடால் கீறுங்கள். ஐ.எஸ்.ஓ. 2409-இல் 0 சிறந்தது, ஏ.எஸ்.டி.எம். டி3359-இல் 5பி சிறந்தது. வாடிக்கையாளர் ஒன்றையும் நீங்கள் ஒன்றையும் மனதில் வைத்துப் பேசும் குழப்பம் அடிக்கடி நடக்கும். டேப்பின் பிடி 25 மி.மீ. அகலத்துக்கு 6-10 நியூட்டன் வரம்பில் இருக்கட்டும், ஒரே பிராண்டு ஒரே லாட். 85 டிகிரி 85% டெஸ்டை வாடிக்கையாளர் கேட்டால் விவாதியுங்கள். அது பெட்டின் மாறுநிலைக்கு மேல். அங்கே பெட்டே நீராற்பகுப்பில் உடையத் தொடங்கும், பூச்சைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. லேபில் கலவைகளை வரிசைப்படுத்த மட்டும் 80 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் முக்கி டேப் இழுக்கலாம். நல்லது கெட்டது ஒரே நாளில் பிரியும், ஆனால் அது 240 மணி நேரத்துக்கு ஈடு ஆகாது.

ஒவ்வொரு ட்ரயலிலும் 10 செ.மீ. சதுரத்தை வெட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு நான்கு மூலைகளும் மேசையிலிருந்து எத்தனை மி.மீ. எழும்பியிருக்கின்றன என்று குறியுங்கள். இழுவிசைக்கு இதைவிட மலிவான மீட்டர் இல்லை. அந்த எண் இப்போதிருப்பதில் பாதியாக இறங்காமல் 240 மணி நேர அறைக்குள் துண்டை அனுப்பாதீர்கள், பத்து நாள் வீண்.

மேல்பூச்சு சில ரோல்களில் ஒட்டாததற்கு முதல் சந்தேகம் ஹார்ட்கோட்டில் உள்ள சிலிகோன் லெவலிங் ஏஜென்ட். உலரும்போது மேலே மிதந்து வந்துவிடும். மேலே இன்னொரு பூச்சு வரப்போகும் ரோலுக்கு, அக்ரிலேட் கை உள்ள வினைபுரியும் வகையையோ சிலிகோன் இல்லாத அக்ரிலிக் வகையையோ பயன்படுத்துங்கள். கூடவே ஹார்ட்கோட்டை 80-120 மில்லிஜூல் அளவில் அரைக் கியூரில் நிறுத்தினால் மேல்தோலில் வினைபுரியாத அக்ரிலேட் மிஞ்சியிருக்கும். மேல்பூச்சு அதோடு பிணைந்து இரண்டாம் பாஸில் நைட்ரஜனுக்குள் இரண்டும் சேர்ந்து முழுக் கியூராகும். அரைக் கியூர் ரோலை ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள், பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். 'சில ரோல்களில் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரோல்களில் இடையில் பாதுகாப்புப் பிலிம் ஒட்டி எடுத்தார்களா என்று ரெஜிஸ்டரில் பாருங்கள். மலிவான பாதுகாப்புப் பிலிமின் பசை கண்ணுக்குத் தெரியாத படலத்தை விட்டுப்போகும். சந்தேக ரோலிலும் நல்ல ரோலிலும் தண்ணீர்த் துளியின் தொடுகோணத்தை அளந்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தடிமனை 5-க்கு இறக்கியபின் டியூப் லைட் கீழே வானவில் பட்டைகள் முன்னைவிடக் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். ஹார்ட்கோட்டின் 1.51-க்கும் பெட்டின் 1.65-க்கும் நடுவே 1.58 எண்ணுள்ள பிரைமர், 87 நானோமீட்டர் தடிமனில் இருந்தால் அது வெகுவாக அடங்கும். பிலிம் கிரேடு மாற்றும்போதே சப்ளையரிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.